துருவில் பதிந்த கை

கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி, தூக்கிவந்த இரும்புச் சக்கரத்தை மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். கார் என்ஜினுக்குப் பின்னால் சுழலும் ஃபிளைவீல் அது. மழமழவென்று கடைந்திருந்த அதன் முகத்தில் துரு ஏறியிருந்தது. அந்தத் துரு ஒரு வலது கையின் வடிவில் இருந்தது. கட்டைவிரல், அடுத்த இரண்டு விரல்கள், உள்ளங்கை. மற்ற இரண்டு விரல்களைக் காணோம்.

"குவாஹாத்திக்கு அனுப்புன அறுபதும் இதே மாதிரிங்க. வேண்டாம்னு திருப்பிப்போட்டாங்க. எங்க பேக்கிங் ஷெட்டுல யாருக்கும் இன்னும் சொல்லலைங்க" என்றார் அவர். "செஞ்சது ஷேக் பரீதுதான். போன வருசம் பெட்டி விழுந்து ரெண்டு வெரல் போச்சு. அவனோட கவனக்குறைவு. வேலையை விட்டு அனுப்பிச்சேன். இப்ப நம்ம சரக்கு ஏத்தற லாரி ஆபீசுல வாட்ச்மேன். அங்க வெச்சுப் பழி தீர்த்திருக்கறான்."

தொலைதூரச் சரக்குச் சேதங்களை ஆராய்ந்து இன்சூரன்சுக்கு அறிக்கை தரும் சர்வேயர் சஃபியா, பூதக்கண்ணாடியை எடுத்தாள். விரல்கள் இல்லாத இடத்துக்குக் கீழே, உள்ளங்கையை ஒட்டி, இரண்டு சிறு திட்டுகள் தெரிந்தன.

"பெட்டியைப் பிரிச்சப்ப எடுத்த படம் இருக்குங்களா?"

இருந்தது. துருத்தடுப்புத் தாள், அதற்குமேல் சூடுவைத்து ஒட்டிய பிளாஸ்டிக் உறை, மரப்பெட்டி. எதுவும் கலையவில்லை.

ஷெட்டுக்குப் போகும் வழியில் லாரி ஆபீசில் பரீதைப் பார்த்தார்கள். யாரும் கேட்காமலே அவன் வலது கையை நீட்டினான். இரண்டு விரல்களும் அடியோடு போயிருந்தன.

"அவரே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கே மேடம்!" என்றாள் உதவியாளர் மோகனப்பிரியா.

"அவசரப்படாத" என்றாள் சஃபியா.

சரவணம்பட்டிக்கு அப்பாலிருந்த பேக்கிங் ஷெட்டில் உறை ஒட்டுபவன் வம்சி. தாள் சுற்றுபவள் சென்னியம்மாள், ஐம்பதை நெருங்கியவள். "ஒரு சக்கரம் துருப்பிடிச்சு வந்திருக்குதுங்க" என்று மட்டும் இருவரிடமும் சொன்னாள் சஃபியா.

"மழைத்தண்ணி எறங்கியிருக்குமுங்க" என்றான் வம்சி.

"கையுறை இல்லாம நான் தொட்டதே இல்லீங்க" என்றாள் சென்னியம்மாள்.

சஃபியா, ஈஸ்வரமூர்த்தி உட்பட எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

"உறை பிரியவே இல்லை. அப்படின்னா கை பட்டது தாள் சுத்தறதுக்கு முன்னாடி, இந்த ஷெட்டுக்குள்ள. லாரி ஆபீசுல இல்லைங்க. பரீதுக்கு வெரல் அடியோட இல்லை, அவர் கை வெச்சா அங்க வெறுமையா இருக்கும். இதுல ரெண்டு திட்டு இருக்குது. ரெண்டு வெரலை உள்ள மடக்கி அழுத்துனா மூட்டு பட்டு அப்படி விழும். கையும் சின்னது, வம்சியோட கை இல்லை. துருன்னதும் அவர் மழையை நினைச்சார். கை பட்டதுன்னு நான் சொல்லவே இல்லை. உங்களுக்கு எப்படிங்க தெரியும், சென்னியம்மாக்கா?"

சென்னியம்மாள் தலையைக் குனியவில்லை.

"உப்புத் தண்ணியில கையை நனைச்சு வெச்சனுங்க. பெட்டி தூக்கற பெல்ட் அந்துபோகுமின்னு மூணு தடவை சொன்னேன், மாத்தலை. பெட்டி என் மேல விழ இருந்துது. பரீது என்னைத் தள்ளிவிட்டான், அவன் கை மாட்டிக்கிச்சு." அவள் ஈஸ்வரமூர்த்தியை நோக்கித் திரும்பினாள். "சம்பளம் ஏத்தறதுக்குன்னு சொல்லி இங்கிலீசுத் தாள்ல என்ற ரேகையை வாங்கினீங்க. அவன் கவனமில்லாம விழுந்தான்னு நான் சாட்சி சொன்னதா அதுல எழுதியிருந்துதுன்னு பொறகுதான் தெரிஞ்சுது. என்ற கையை வெச்சே அவனைப் பொய்யனாக்கினீங்க. அந்தக் கையாலதான் செஞ்சேன். அவன் இழந்த வெரல் உங்க கண்ணுல படோணும்னுதான் ரெண்டு வெரலை மடக்குனேன்."

"போலீசுக்குப் போன் போடுறேன்!" ஈஸ்வரமூர்த்தி எழுந்தார்.

"போடுங்க. எதுக்குச் செஞ்சேன்னு கேப்பாங்கள்ல? அங்க சொல்லோணும்னுதான் காத்திருந்தேன்."

அவர் கையிலிருந்த போன் இறங்கியது. குரல் தணிந்தது. "மேடம், மழைத்தண்ணின்னே எழுதிப்போடுங்களேன்."

"நடந்ததை எழுதுவேன். ஏன் நடந்ததுங்கறதையும் எழுதுவேன்" என்றாள் சஃபியா. "உங்க ஆளே கெடுத்த சரக்குக்கு இன்சூரன்ஸ் கிடைக்காதுங்க."

அன்று மாலையே மோகனப்பிரியா, சென்னியம்மாளையும் பரீதையும் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். பழைய வாக்குமூலம் பொய்யென்று எழுதி, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே சென்னியம்மாள் ரேகை வைத்தாள். பரீது அவளருகே நின்றான்.

படியிறங்கும்போது மோகனப்பிரியா கேட்டாள்: "இப்ப மனசு ஆறுச்சுங்களாக்கா?"

"இன்னும் இல்லைங்க அம்மணி" என்றாள் சென்னியம்மாள். "புனேவுக்கும் டெல்லிக்கும் போன லோடு இன்னும் பிரிக்கலை."