ஏழு பேர் போகும் வண்டி

பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் பின்னால் இருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்று வண்டி அலறத் தொடங்கியது. டிங், டிங், டிங். முன்திரையில் ஏழு இருக்கைகளின் படம் வந்தது. எவாஞ்சலினுக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை மட்டும் சிவப்பாக மின்னியது. வண்டி வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இது எத்தனையாவது தடவை என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"சென்சார் கோளாறு எவா," என்றான் அவள் கணவன் ஃபெலிக்ஸ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பூவைப் பின்னாடி வெச்சியா?"

"பூ என் மடியில இருக்கு. மெழுகுவர்த்தி, தேன்மிட்டாய் எல்லாமே என் மடியிலதான் இருக்கு."

"சர்வீஸ்ல காட்டிட்டேன். ஒண்ணுமில்லன்னு சொல்றான்."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்பிடிக் கத்துது?"

கொஞ்ச நேரம் கத்திவிட்டு அது தானாகவே அடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வாரத்தில் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள், இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

இந்த வண்டியின் மேல் அவளுக்கு முதல் நாளிலிருந்தே கோபம். வீட்டில் இருப்பது இரண்டு பேர், வந்து நிற்பதோ ஏழு பேர் உட்காரும் வண்டி. குடும்ப வண்டியாம்! ஃபெலிக்ஸ் மட்டும் புதுமாப்பிள்ளை கணக்காகத் திரிந்தான். சுரங்கத்தில் அவனோடு ஒரே ஷிப்ட் பார்க்கும் பிரவீன்குமாரை குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி வைத்து, பாதி பெட்ரோல் பாதி கரண்ட், தானே பிரேக் போடும், தானே கோடு பார்த்துப் போகும் என்று அரை மணி நேரம் அளந்தான். கோடு பார்த்துப் போகிற லட்சணத்தை அவள்தான் அறிவாள். கோடு அழிந்த ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும். சுற்றிலும் போகிற வருகிறவர்களையெல்லாம் திரையில் வெள்ளை உருவமாகக் காட்டும், ஆனால் மாட்டைக் கண்டால் பைக் என்று காட்டும். வழி சொல்லும் பெண்குரலோ பள்ளிக்கூடத் தமிழில் அதட்டும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடிக்காதது அதன் மௌனம். பழைய கார் தெருமுனையில் திரும்பும்போதே இருமிக்கொண்டு வரும், அவள் டீக்குத் தண்ணீர் வைப்பாள். இது பூனை மாதிரி வந்து வாசலில் நிற்கிறது. ஒருநாள் ஜன்னலைத் திறந்தால் முகத்துக்கு நேரே நிற்கிறது.

அந்தப் பழைய காரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான். அதன் பின்கண்ணாடியில் மகள் ஆனி ஒட்டிய பட்டாம்பூச்சிகள் இருந்தன, அவற்றையும் சேர்த்து. அந்தக் காரில் ஆனி எப்போதும் அம்மாவுக்குப் பின்னால்தான் உட்காருவாள். உட்கார்ந்ததும் அம்மாவின் சீட்டை உதைப்பாள். மெதுவாகத்தான், இரண்டு காலும் மாறி மாறி. அம்மா திரும்பிப் பார்க்கும்வரை நிறுத்தமாட்டாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள்.

ஃபெலிக்ஸின் சொந்த ஊர்க் கல்லறையில்தான் அவளை அடக்கம் செய்தார்கள். பிறகு நிலத்தைத் தோண்டிக்கொண்டே சுரங்கம் அந்த ஊர்வரைக்கும் வந்தது. ஊர் எழுந்து புதுக்குடியிருப்புக்குப் போனது, கோயிலும் போனது. இறந்தவர்களை அவரவர் குடும்பம் தோண்டியெடுத்துப் புதுக் கல்லறைக்குக் கொண்டுவரலாம் என்று பூசையில் அறிவித்தார்கள். ஃபெலிக்ஸ் கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப்பேரவையில் இருந்தவன். சென்னை, பெங்களூர் என்று பிழைக்கப் போய்விட்ட நான்கு குடும்பங்கள் எங்களுதையும் பாத்துக்கப்பா என்று அவனிடமே விட்டுவிட்டன. நீ வராத எவா, தாங்க மாட்ட என்றான். அவளும் நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் ஐந்து பெட்டிகள் வந்து இறங்கின. அவற்றில் மிகச் சின்னதை அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லறைவரை நடந்தாள். அதற்குப் பிறகு மகள் என்று அவளுக்கு மிச்சமிருப்பது புதுக் கல்லறையில் இருக்கும் அந்தச் சின்னச் சிமென்ட் மேடுதான். இன்று கல்லறைத் திருநாள். சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்குள் போய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. டவுன்ஷிப்பின் நேர் ரோடுகளும் மரங்களும் முடிந்து, சுரங்கத்தை ஒட்டிய ரோடு தொடங்கியபோது நன்றாகவே இருட்டியிருந்தது. இன்ஜின் அணைந்து வண்டி கரண்டில் ஓடியது. அந்த நிசப்தத்தில் தூரத்துக் கன்வேயர் பெல்ட் ஓயாமல் ஓடும் இரைச்சலும், கண்ணாடியில் தூறல் விழும் சத்தமும், ஃபெலிக்ஸ் எச்சில் விழுங்குவதும்கூட அவளுக்குத் துல்லியமாகக் கேட்டன. ஏசி வழியாக ஒரு வாடை வந்தது. புதுச் சீட்டின் வாடை இல்லை. ஆழத்திலிருந்து அப்போதுதான் வாரிப்போட்ட ஈரமண்ணின் வாடை.

"கண்ணாடி எதாச்சும் தொறந்திருக்கா?"

"எல்லாம் மூடித்தான் இருக்கு."

"வலதுபுறம் திரும்பவும்," என்றது பெண்குரல். "கல்லறைத் தோட்டம் அருகில் உள்ளது."

புதுக்குடியிருப்புக்கு இடதுபுறம் போக வேண்டும். வலதுபுறம் இருப்பது பழைய ஊர் ரோடு, சுரங்க விளிம்பில் மண்மேடு கொட்டி அடைத்த ரோடு.

"மேப்புல இன்னும் பழசத்தான் வெச்சிகினு இருக்கான்," என்றான் ஃபெலிக்ஸ். இடதுபுறம் ஒடித்தான். ஸ்டியரிங் அவன் கையிலேயே வலதுபுறம் திரும்பியது. அவன் மறுபடியும் ஒடித்தான், அது மறுபடியும் இழுத்தது. பழைய ரோட்டின் அழிந்துபோன வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி வழுக்கியபடி உள்ளே போனது.

"நிறுத்துங்க."

"பிரேக் அடிச்சிகினுதான் இருக்கேன்!"

இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மின்கம்பி இல்லாத கம்பங்கள். முன்னால் மண்மேடு தெரிந்ததும் வண்டி தானே பிரேக் போட்டு நின்றது. எவாஞ்சலினின் மடியிலிருந்த பூ கீழே கொட்டியது. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தின் விளக்கு வெளிச்சம் மழையில் மங்கலாக எழும்பி நின்றது.

முன்விளக்கில் தூறலும் சேறும்தான் தெரிந்தன. திரையில் ஒரு வெள்ளை உருவம்.

சின்ன உருவம். மண்மேட்டின் அடியில் நின்றது. அசையவில்லை.

மாட்டை பைக் என்று காட்டும் வண்டிதானே என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள், யாரும் இல்லை. திரையைப் பார்த்தாள், நின்றது.

ஃபெலிக்ஸ் அழுதுகொண்டிருந்தான். அவளைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து.

"அப்பா வந்தேன் பாப்பா," என்றான். "கடப்பாற எடுத்துகினுதான் வந்தேன். கை வரலம்மா. ஒரு குத்து குத்துனேன். அதுக்கு மேல கை வரல."

அவளுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கிய இடத்திலிருந்து உடம்பு முழுக்கக் குளிர்ந்துகொண்டே போனது.

"என்னங்க," என்றாள். "பெட்டியில என்ன இருந்துச்சு?"

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் தூக்கிகினு நடந்தேனே, அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"மண்ணு," என்றான். "ரோட்டோர மண்ணு. அடுத்த வாரம் வந்து எடுத்துடலாம்னுதான் இருந்தேன் எவா. சத்தியமா. அதுக்குள்ள வேலி போட்டுட்டாங்க. அப்புறம் மண்ணு வெட்டுற மெஷின் வந்துடுச்சு."

ரோட்டோர மண்ணை முத்தமிட்டிருக்கிறாள். வருஷா வருஷம் மண்ணுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, மண்ணுக்குத் தேன்மிட்டாய் வைத்து, மண்ணிடம் பள்ளிக்கூடக் கதை பேசியிருக்கிறாள். பக்கத்தில் இவன் நின்றிருக்கிறான், கைகட்டி, கண்மூடி, செபம் சொல்லிக்கொண்டு. பிள்ளை இங்கே கிடந்திருக்கிறாள். கேட்பாரில்லாமல். மெஷின் வரும்வரை. பிள்ளை செத்தபோது மனசு உடைந்ததைவிட இப்போது அதிகமாக உடைந்தது அவளுக்கு. இந்த ஆளோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று அருவருத்தது.

"மத்த நாலு பெட்டியில?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கதவின் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பூட்டு அசையவே இல்லை. திரையில் சின்ன உருவத்துக்குப் பின்னால் இன்னொன்று வந்திருந்தது. கூன் விழுந்த ஒன்று. அதற்குப் பின்னால் உயரமாக ஒன்று. அப்புறம் இரண்டு, ஒட்டிக்கொண்டாற்போல.

வெளியே தூறல் மட்டும்.

சின்ன உருவம் நகர்ந்தது. முன்பக்கம் தாண்டி, இடதுபக்கமாக. அவள் கதவைக் கடந்தது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. திரையில் மட்டும், கைக்கு எட்டும் தூரத்தில்.

பின்கதவு க்ளிக் என்றது. ஈரமண் வாடை குப்பென்று உள்ளே வந்தது.

டிங். டிங். டிங்.

அவளுக்கு நேர் பின்னால் சிவப்பு. பெல்ட் இழுபடும் சத்தம், சர்ரென்று. க்ளிக். சிவப்பு பச்சையானது.

"ஆனி," என்று கூப்பிட நினைத்தாள். அதற்குள் வண்டி மறுபடி அலறியது. பக்கத்து இருக்கை. யாரோ மிக மெதுவாக, முனகாமல், கிழடுகள் உட்காருவது போல உட்கார்ந்தார்கள். க்ளிக். வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. பிறகு கடைசி வரிசை. க்ளிக். க்ளிக். இன்னும் ஒன்று. க்ளிக்.

கதவு தானே மூடிக்கொண்டது.

ஃபெலிக்ஸ் நிமிர்ந்து மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான். அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு மடியில் விழுந்தன.

திரையில் ஏழு இருக்கைகளும் பச்சையாக எரிந்தன.

"அனைவரும் இருக்கைப் பட்டை அணிந்துள்ளனர்," என்றது பெண்குரல். "பயணத்தைத் தொடரலாம்."

சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. புதுக் கல்லறைக்கா, மண்மேட்டுக்கு அந்தப் பக்கமா என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அப்போது சீட்டில் முதுகுக்குக் கீழே ஏதோ பட்டது. மெதுவாக. இடது. வலது. இடது. வலது.

அவள் திரும்பவில்லை.

இடது. வலது. இடது. வலது. கொஞ்சம் பலமாக. அம்மா திரும்பிப் பார்க்கும்வரை அவள் நிறுத்தமாட்டாள்.