பதினொரு பக்கம் பாக்கி

புத்தகம் செந்தாமரையின் கைக்கு வந்து பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. நாளை அது திருப்பத்தூர் நூலகத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும்.

அதை அனுப்பிய தோழி சகுந்தலாவும் போன வருடம் வரை காவலூரில்தான் இருந்தாள். பள்ளியில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. அப்பாவுக்கு மாற்றலாகி அவள் திருப்பத்தூர் போய்விட்டாள். அங்குள்ள நூலகத்தில் தனக்குப் பிடித்த புத்தகங்களை எடுத்து, காவலூர் பஸ் கண்டக்டர் துரைக்கண்ணுவிடம் கொடுத்தனுப்புவாள். உள்ளே ஒரு சீட்டு இருக்கும்.

இந்த முறை சீட்டில், "நான் படித்ததிலேயே இதுதான் சிறந்தது. முடித்ததும் வானத்தைப் பார்" என்று எழுதியிருந்தாள்.

கோடை லீவுக்கு வருவாயா என்று செந்தாமரை மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். அதற்கு மட்டும் பதில் இல்லை.

பள்ளி மதிய இடைவேளையில் கதையை வகுப்பு நண்பர்களுக்குச் சொன்னாள். தூரத்துக் கிரகத்தில் வாழும் ஒரு சிறுமி, பூமியிலுள்ள தோழிக்கு ஒளி மூலம் செய்தி அனுப்புகிறாள். அது போய்ச் சேர நான்கு வருடம். பதில் வர இன்னும் நான்கு.

"எட்டு வருசமா?" என்றான் வேடியப்பன். "அதுக்கு நம்ம பஸ்ஸே தேவலாம்பா!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, பதில் வந்துச்சா இல்லியா?"

"நீயே வாங்கிப் படி. நல்லா இருக்கும்."

"இன்னா நீ, உனக்கே தெரியாதா?"

செந்தாமரை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மாலையில் புத்தகத்தைத் திறந்தாள். இன்னும் பதினொரு பக்கம். அரை மணி நேரம் போதும். ஒரு தாளைப் பாதி தூக்கினாள். விரல் நின்றது. மூடிவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் வந்தது.

"இன்னா கண்ணு, முடிச்சிட்டியா?" என்றார் துரைக்கண்ணு. "கடைசில இன்னா ஆவுது? போன வாட்டி நீ சொன்ன ரோபோ கதைய என் பையன் மூணு நாளு சொல்லச் சொன்னான்."

செந்தாமரை புத்தகத்தை நீட்டினாள். ஆனால் உடனே விடவில்லை. அவர் மெல்ல இழுத்து வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"புடிச்சுதான்னு அந்தப் பொண்ணு கேக்குமே. இன்னா சொல்லட்டும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தது. செந்தாமரை கூடவே ஓடினாள்.

"ரொம்பப் புடிச்சுதுன்னு சொல்லுங்க மாமா! ஆனா கடைசிப் பதினொரு பக்கம் நான் படிக்கவே இல்ல. லீவுக்கு அவளே வந்து சொல்லணும்!"