முருகையன் கொடுத்த டீ

"ஐயோ, முதலாளி விழுந்துட்டாரு!"

உப்பு வாரிக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவின் அலறல் மரக்காணம் உப்பளம் முழுக்கக் கேட்டது.

2005, மே மாத வெயில். உப்புப் பாத்தியில் குப்புறக் கிடந்தார் தெய்வசிகாமணி. பக்கத்தில் காலி டீ டம்ளர்.

வேலையாட்கள் ஓடினார்கள். முருகையன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

அந்த டீயில் பூச்சிமருந்து கலந்தவன் அவன்தான்.

கூடப்பிறந்த தம்பி.

உப்பளத்தில் பங்கு கேட்டதற்கு, அத்தனை பேர் முன்னால் அண்ணன் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டார். அந்த எரிச்சல்...

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பூங்குழலி அவனைத் தனியே கூப்பிட்டாள். வெளியே போலீஸ் நிற்கும் என்றே நினைத்தான்.

"உங்க அண்ணனுக்கு சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. அதான் மயக்கம். கணையத்துல கட்டி இருக்குது, அது இன்சுலினை அளவுக்கு மீறி சுரக்குது. அபூர்வமான புற்றுநோய்."

விஷம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முருகையன் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பூச்சிமருந்து கிருந்து உள்ள போனா இப்படி வருமா மேடம்?"

"இல்லீங்க. இது ரொம்ப நாளா வளர்ந்தது."

தப்பித்துவிட்டான்.

உள்ளே போனால், அண்ணன் கண் விழித்திருந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆபரேஷனில் கணையத்தின் வால்பகுதியை வெட்டி எடுத்தார்கள். பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருந்ததால், பிறகு கீமோ. ஒவ்வொரு தடவையும் கூடவே போனவன் முருகையன். வாந்தியைக் கையில் ஏந்தினான். தலையணையில் கொட்டிக் கிடந்த முடியை, அண்ணன் பார்ப்பதற்குள் பொறுக்கினான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நர்சுகள் சொல்லும்போதெல்லாம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த பொங்கல் கழிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி எங்கேயும் இல்லை.

திரும்பும் வழியில், கூனிமேடு தாண்டியதும் காரை ஓரங்கட்டினான். இனிமேல் தாங்காது.

"அண்ணா... அன்னிக்கு டீயில நான் மருந்து கலந்துட்டேன்."

தெய்வசிகாமணி திரும்பக்கூட இல்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும்டா. நாத்தம் மூக்கைத் துளைச்சுது. கீழ கொட்டிட்டு, உன்னை உதைக்கலாம்னு எழுந்தேன். கண்ணு இருட்டிக்கிச்சு."

முருகையன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

அண்ணன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை...!

"அப்புறம் ஏன்ணா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னை உள்ள வெச்சிருப்பாங்க. தப்பு பண்ணவன் பாத்துக்கற மாதிரி எந்த நர்சுடா பாத்துக்குவா? வண்டிய எடு. அடுத்த செக்கப்புக்கும் நீதான் வர்ற."