கிழித்துப் போட்ட 1281

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் இருந்தது தணிகாசலத்தின் துப்பறியும் அலுவலகம். நாற்காலி காலியாக இருந்தும் மெர்சி உட்காரவில்லை.

"ஒக்காந்தா அழுதுடுவேன் சார். நான் அழ வரல," என்றாள்.

ஒரகடம் சாலையில் பிரேக் சிலிண்டர் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. டெஸ்ட் பெஞ்சில் நிற்பவர் முதலில் தன் டோக்கன் எண்ணைத் தட்ட வேண்டும். எந்திரம் அதைச் சோதிக்கும் தொகுதியின் லாட் எண்ணோடு பிளாப்பியில் பதிந்துகொள்ளும். போன செவ்வாய்க்கிழமை பாஸ் ஆகிப் போன லாட் 44-இல் ஒரு சிலிண்டர் வாடிக்கையாளரிடம் ஒழுகியது. சோதிக்காமலே பாஸ் போட்டது யார்? ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் பிளாப்பியைப் படித்து 513 என்று அச்சடித்தது. 513 மெர்சியின் டோக்கன்.

"அன்னிக்கு நான் பேக்கிங்ல இருந்தேன் சார். பெஞ்சு பக்கமே போவல. நாளைக்கு பத்து மணிக்கு இதுல கையெழுத்துப் போடணுமாம். போட்டா வேலை போவும். போடலன்னா போலீஸாம். நான் போட மாட்டேன்."

சூப்பர்வைசர் ராமன் தானே தட்டச்சு செய்து கொடுத்த கடிதம் அது. 'மதியச் சாப்பாட்டு வேளையில் லாட் 44-ஐச் சோதிக்காமல் பாஸ் செய்தது நானே.' தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார்.

"எவனோ இவங்க நம்பரைத் தட்டிட்டான் சார்!" என்றார் உதவியாளர் எல்லப்பன். நாற்பது வயதாகியும் நிதானம் அவரை எட்டிப் பார்த்ததில்லை.

"இருக்கலாம். முதல்ல தாளைப் பார்ப்போம்," என்றார் தணிகாசலம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு நடேசன் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை நீட்டினார். மூன்றே பத்திகள்: டோக்கன், லாட், முடிவு. 513 என்ற ஒரே வரிக்கு அடியில் இன்னொரு வரி கிழிக்கப்பட்டிருந்தது.

"அதுல 1281-னு வந்துச்சு சார். இங்க மொத்தமே அறுநூறு பேருதான். பிளாப்பில தூசி இருக்கும்னு கிழிச்சுப் போட்டேன்."

"புரோகிராம் சரியா படிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"என் டோக்கன் 257. பெஞ்சுல நாலு தரம் தட்டிப் பார்த்தேன். நாலு தரமும் 257-னே வந்துச்சு."

தணிகாசலத்தின் முகம் தெளிந்தது.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"கம்ப்யூட்டர் எண்ணை எழுதுற ஒரு கட்டம்தான் பைட். ஒரு பைட்ல 255 வரைக்கும்தான் அடங்கும்," என்று தொடங்கினார் தணிகாசலம். "லாட் எண் அதுக்குள்ள அடங்கிடுது. டோக்கனுக்கு ரெண்டு பைட் வேணும். ஒண்ணுல எத்தனை 256, இன்னொண்ணுல மிச்சம். 1281-ல அஞ்சு 256, மிச்சம் ஒண்ணு. அதைத் திருப்பினா ஒரு 256, மிச்சம் அஞ்சு. 261 யாரு?"

நடேசன் பதிவேட்டைப் புரட்டினார். "பாப்பம்மாள். அன்னிக்கு பெஞ்சுல நின்னவங்கதான்!"

"நின்னவங்க தாள்ல இல்லை, இல்லாத ஆள் தாள்ல இருக்கு. பெஞ்சு மிச்சத்தை முதல்ல எழுதுது. உங்க புரோகிராம் அதைத் தலைகீழா படிக்குது. 257-ஐ எப்படித் திருப்பினாலும் 257. அதான் உங்க சோதனையில பிழை தெரியல."

எல்லப்பன் அதற்குள் கையிலேயே கணக்குப் போட்டுவிட்டார். "513-ல ரெண்டு 256, மிச்சம் ஒண்ணு. திருப்பினா... 258 சார்!"

258 ராமன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"மெஷின் தப்பா படிச்சா நான் இன்னா பண்ணுவேன்?" என்று சீறினார் ராமன். "இதுவும் தப்பா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். ஆனா கடிதத்துல 'மதியச் சாப்பாட்டு வேளை'ன்னு அடிச்சிருக்கீங்க. பிளாப்பில நேரமே பதியறதில்லை. மெர்சியும் சொல்லல. உங்களுக்கு யார் சொன்னது?"

ராமன் தலையைக் குனிந்துகொண்டார். "லாரி நின்னுகினு இருந்துச்சு... டெஸ்ட் பண்ண நேரமில்ல. தாள்ல வேற நம்பர் வரவும் வாயை மூடிக்கினேன்."

எந்திரத்தை மன்னிக்கலாம். அந்த மௌனத்தை எப்படி மன்னிப்பது?

"நீ போய் வேலையைப் பாரும்மா," என்றார் மேனேஜர்.

மெர்சி நகரவில்லை. "லாட் 44-ல மிச்ச சிலிண்டர்லாம் எங்க சார் கீது? என் வூட்டுக்காரரு பஸ் ஓட்றாரு. எந்த வண்டில மாட்டிகினு ஓடுதோ, அத முதல்ல நிறுத்துங்க."

மேனேஜர் போனை எடுத்தார். மறுமுனையில் ஆள் கிடைத்து, லாட் எண்ணை அவர் இரண்டு முறை சொல்லி முடிக்கும்வரை மெர்சி நின்றுகொண்டே இருந்தாள்.

அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.