உள்ளே கட்டை பிடிப்பவர்

வண்டியின் வலப்பக்கத் தகட்டில் ஓர் இடத்தில் மட்டும் சத்தம் சரியாக இல்லை. ஒடுங்கிய தகடுகளை நிமிர்த்தும் டிங்கர் மறுபடி சுத்தியால் தட்டிப் பார்த்தார். மற்ற இடங்களிலெல்லாம் காலி டப்பாவைப் போல எழும்பிய ஒலி, அந்த ஒரு சாண் அகலத்தில் அமுங்கிப்போனது, உள்ளே யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதுபோல. பின்கதவைத் திறந்தார். காயம்பட்டவர்களைக் கிடத்தும் படுக்கைகளைக் கழற்றிவிட்ட வெறும் கூடு. ஈர இரும்பும் பழைய கான்வாஸும் கலந்த வாடை. வேறொன்றுமில்லை. காதுக்கும் வயசாகிறது என்று விட்டுவிட்டார்.

அது பழைய ராணுவ ஆம்புலன்ஸ். எந்தப் போருக்குப் போய் வந்ததோ, வாங்கியவருக்கே தெரியாது. சனிக்கிழமை கண்காட்சிக்கு வேண்டும் என்று இவர் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பகலெல்லாம் பஸ் பணிமனையில் தகடு தட்டிவிட்டு வந்தால், வீட்டிலும் அதே வேலை. தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. ஒடுக்கெடுக்க வெளியே சுத்தியால் அடிக்கும்போது, உள்ளே அதே இடத்தில் ஒருவர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய வண்டியில் ஒற்றை ஆளுக்குக் கை எட்டாது. மனைவியைத்தான் கூப்பிட்டார்.

இத்தனை வருஷம் கழித்துத் தனக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது என்று கேலி செய்துகொண்டுதான் அவள் ஏறினாள். இரண்டே நாளில் தேர்ந்த கையாகிவிட்டாள். சுத்தி எங்கே விழுந்தாலும் மறுபக்கம் கட்டை தயாராக இருந்தது. இரண்டாம் நாள் சாப்பிடும்போது அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடியே கை அந்த இடத்துக்குப் போயிடுதுங்க. நான் நகத்தல.”

“பழகிடுச்சு, அதான்.”

“உள்ள உக்காந்தா பக்கத்துல யாரோ படுத்திருக்கிற மாதிரியே இருக்கு. நாளைக்கு நான் வரல.”

என்ன ஏதென்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. இடப்பக்கம் ஒன்றுதான் பாக்கி, ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, நாளை ஒரு நாள் மட்டும் என்றாள்.

மறுநாள் லீவு போட்டார். நடுப்பகலில் மழை பிடித்தது. ஷெட்டின் கூரை அதிர, வாசல் கம்பிக் கதவு வழியாகச் சாம்பல் வெளிச்சம் வர, வண்டியின் இடப்பக்கம் நின்று அடித்துக்கொண்டே போனார். அடி, மறுபக்கம் கட்டை, அடி, மறுபக்கம் கட்டை என்று கை தானாக ஓடியது, கண் பாதி மூடியது. இவ்வளவு வழவழப்பாக ஒரு தகட்டை அவர் நிமிர்த்தியதே இல்லை. அவளைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மழை சற்றே தணிந்தது. சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, கட்டை பிடிக்க ஆளில்லாம எப்படி அடிக்கிறீங்க? நான் சொல்லிட்டு வீட்டுக்குள்ள வந்து அரை மணி நேரம் ஆச்சே.”

ஓங்கிய சுத்தி அப்படியே நின்றது.

தகட்டின் மறுபக்கம், அடுத்த ஒடுக்கில், கட்டை வந்து உட்காரும் மெல்லிய சத்தம். காத்திருந்தது. அவர் அடிக்கவில்லை. உள்ளிருந்து ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

பின்பக்கம் போனார். கால்கள் தாமாகத்தான் போயின. கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்தார்.

கட்டை தரையில் கிடந்தது. யாருமில்லை.

தேய்த்து வெளுத்த தகட்டை வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்ட இடம் ஓரிரு நாளில் துருவேறும். உள்ளே இரண்டு பக்கத் தகடுகளிலும் துரு ஏறியிருந்தது. காலையில் இல்லாத துரு. உள்ளங்கைகள். படுத்திருப்பவர்கள் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. சிலவற்றில் விரல்கள் குறைவாக இருந்தன.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று சிவந்தது. அதற்கடுத்து ஒன்று. கதவை நோக்கி. நெருக்கமாக.

கையை எடுக்க நினைத்தார். அசதி. அத்தனை அசதி.

கதவின் உட்பக்கம், அவர் பிடித்திருந்த இடத்துக்கு நேர் பின்னால், ஓர் உள்ளங்கை மெல்லச் சிவந்து விரிந்தது. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக விளிம்பைத் தாண்டி, அவர் விரல்களின் மேல் மடங்கின.