உதட்டுக்குப் பொருந்திய வசனம்

வசனம் முடிவதற்கு முன்பே திரையில் அந்தப் பெண்ணின் வாய் மூடிவிட்டது.

தமிழில் டப் செய்யும் ஆங்கிலப் படம். ரப்பர் படகின் விளிம்பில் மண்டியிட்டிருக்கும் கதாநாயகி, வெள்ளத்தில் விழுந்து பக்கக் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் கணவனைப் பார்த்துக் கத்துகிற காட்சி. லிசா எழுதி வந்திருந்த தமிழ், "கைய விட்டுறாதீங்க!" நேற்று வீட்டில் போட்டுப் பார்த்தபோது உதட்டோடு ஒட்டித்தான் இருந்தது. இன்று செம்பூர் ஸ்டூடியோவில், மழைக்காலத்து ஈரம் ஏறிச் சுவர்ப் பஞ்சிலிருந்து ஊறப்போட்ட கோணிச்சாக்கு வாசனை வந்துகொண்டிருந்த பதிவறையில், அவளே மைக் முன்னால் நின்று பேசியபோது வசனம் நீண்டுவிட்டது.

"லிப் பந்த் ஹோ கயா, மேடம். தோடா சோட்டா கரோ," என்று வாய் மூடிவிட்டதைச் சொல்லி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஹனீப் சுருக்கச் சொன்னான். சவுண்ட் இன்ஜினியர், கான்பூர்க்காரன். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வாயசைவை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்வான்.

சுருக்கினாள். "விடாதீங்க!" பொருந்தவில்லை. மறுபடி ஓட்டினான். மூன்றாவது தடவை அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"கைய விடுங்க."

"ஏக்தம் ஃபிட்!" ஹனீப் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அதைப் பதிந்துகொண்டான்.

வேண்டாம், அழித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். லிசா சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு எதையும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், படம் கொடுத்தால் எழுதினாள். ஆற்றில் படகு விடப்போய்க் காட்டில் மாட்டிக்கொள்கிறவர்களின் படங்கள் வரிசையாக வந்தன. உடைந்த துடுப்பு, பசி, பாறை இடுக்கில் சிக்கிய கால். கடைசியில் தப்பித்தவளுக்குக் கம்பளி போர்த்தி ஒருவர் ஆறுதல் சொல்வார். "எல்லாம் முடிஞ்சிருச்சு, நீங்க பத்திரமா இருக்கீங்க" என்று அவள் எத்தனை படத்துக்கு எழுதியிருப்பாளோ. எதுவும் அவளைத் தொட்டதில்லை.

அவள் கணவன் தனசீலன் போனதும் அப்படி ஓர் ஆற்றில்தான். ஆபீஸ்காரர்களோடு படகு விடக் கோலாட் போயிருந்தார்கள். சுழலில் படகு குலுங்கி அவன் விழுந்தான். அவள் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவன் எம்பி எம்பி ஏறப் பார்க்கையில் அவள் பக்கம் படகு தாழ்ந்து, மடி நிறையத் தண்ணீர் வந்தது. மற்றவர்கள் எதிர்ப்பக்கம் துடுப்போடு போராடிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று லிசா சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

மூன்று மணிக்கு மாரிக்கண்ணன் தாராவியிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவன். தலையைத் துவட்டிவிட்டுப் பதிவறைக்குள் போனான். லிசா வெளியே வந்து ஹனீப் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதே காட்சி ஓடியது.

"லிசாக்கா, இந்த எடத்துல பேப்பர்ல ஒண்ணும் இல்லயே. இவன் பேசுதாம்லா?"

"மூச்சு வாங்குறான். விட்டுரு."

"இல்லக்கா. தமிழ்லதான் பேசுதான். பாருங்க." அவன் திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். வெள்ளைக்கார முகம், நுரை, அசைகிற உதடு. மாரிக்கண்ணனின் உதடும் கூடவே அசையத் தொடங்கியது.

"லிசா... வெரலப் பிரிக்காத."

அது மாரிக்கண்ணனின் குரல் இல்லை. சற்றே மூக்கடைத்த, பதறாத, சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கிற குரல்.

"நான் ஏறல. ஏறவே மாட்டேன். சும்மா பிடிச்சுக்கிட்டு மட்டும் வாறேன்."

"வாஹ்! க்யா ஆவாஸ் ஹை!" என்றான் ஹனீப், குரலில் சொக்கிப்போய்.

லிசாவுக்கு அழுகை வரவில்லை. பயம்கூட எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டு டிவி மாதிரி, தெளிவில்லாமல் கேட்டது. விரல்நுனிகள் மட்டும் சில்லிட்டிருந்தன. "நிறுத்து" என்றாள். ஹனீப் நிறுத்தினான். படம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். ஓடியது.

திரையில் கயிறு மட்டும் ஆடியது. கேமரா தண்ணீருக்குள் இறங்கியது. பச்சை இருட்டில் அந்த முகம் கீழே போய்க்கொண்டிருந்தது. வாய் பேசிக்கொண்டே இருந்தது.

மாரிக்கண்ணனின் வாயும்.

சத்தம் வரவில்லை. ஒலி மீட்டரின் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஹெட்போனில் குமிழி உடையும் ஓசை. ஒன்று. இன்னொன்று.

கண்ணாடிக்குப் பின்னால், காய்ந்த தரையில் நின்ற மாரிக்கண்ணனின் தலைமுடி மெல்ல மேலெழுந்து அலைந்தது. சட்டை உப்பியது. குதிகால் தரையை விட்டது.

"தர்வாஸா கோலோ!" கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஹனீப் மெயின் சுவிட்சைத் தேடித் தாழ்வாரத்துக்கு ஓடினான்.

பதிவறைக் கதவு லிசாவுக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். பூட்டில்லை. திருப்பினால் போதும்.

கைப்பிடி குளிர்ந்தது. கதவு அவள் பக்கமாகக் கனத்துத் தள்ளியது. கீழிடுக்கில் ஈரம் கசிந்து அவள் செருப்பைத் தொட்டது. ஆற்று வாசனை.

திறந்தால் தண்ணீர் இந்தப் பக்கம் வரும்.

கண்ணாடியில் மாரிக்கண்ணனின் உள்ளங்கை வந்து ஒட்டியது. வெளுத்திருந்தது. பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தடவியது. ஒன்றும் இல்லை. ஒரு விரல் நழுவியது. அடுத்தது. அதற்கு அடுத்தது.

லிசா தோளைக் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.