பெட்டி இருந்தது, மருந்து இல்லை

வியாழக்கிழமை காலை. தஞ்சை மாவட்டத்தின் ஓர் அரசு மருத்துவமனைக் கிடங்கில் பாம்புக்கடி மருந்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். உள்ளே ஒரு குப்பிகூட இல்லை.

எல்லாப் பெட்டிகளும் பத்திரமாக இருப்பதாகக் கணினி காட்டியது. அது பொய்யும் அல்ல. ஒவ்வொரு பெட்டியிலும் சிப் ஒட்டியிருந்தது. வாசலைத் தாண்டினால் மணி அடிக்கும். பெட்டிகள் தாண்டவில்லை. குப்பிகள் மட்டும் போய்விட்டன.

கிடங்குப் பொறுப்பாளர் மெஹராஜ் பேகத்திடம் வெள்ளைத் தாளை நீட்டினார் கண்காணிப்பாளர் ராகவேந்திரா.

"எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துடுங்க. வீட்டுக்காரர் மஸ்கட்ல சம்பாதிக்கிறது போதாதா?"

"அவர் சம்பாத்தியத்தை விடுங்க சார். எடுக்காததை எழுத மாட்டேன். வேலை போனாலும் போகட்டும்."

சொல்லிவிட்டு நெற்றியை அழுத்திக்கொண்டார்.

"தலைவலியாம்மா?" என்றார் விசாரிக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மீரா உசேன். அதே அறையிலிருந்த தடுப்பூசி உறைபெட்டியைத் திறந்து, ஓர் ஐஸ் பேக்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். அதற்குள் தண்ணீர் தளும்பியது.

மற்றவற்றையும் குலுக்கினார். சில தளும்பின, மீதி கல்லாக இருந்தன.

"இதெல்லாம் எப்ப வெளியே போகும்?"

"புதன்கிழமை சார். தடுப்பூசியோட நீலப் பெட்டியில போகும்."

"நேத்து புதன்தானே?"

"நேத்து அரசு விடுமுறை. தடுப்பூசி கிடையாது."

"விடுமுறையில இந்த அறையைத் திறக்கிறது யாரு?"

"தடுப்பூசி நர்ஸ் காளியம்மாள் அக்கா. குளிர் சரியா இருக்கான்னு தினமும் பார்த்தாகணும்."

"அப்ப அவங்கதான்." மீரா உசேன் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "நீங்க வாசல் மணியையே நம்பினீங்க சார். தடுப்பூசி இல்லாத நாள்ல நீலப் பெட்டி வெளியே போய்ட்டு வந்திருக்கு. அதான் ஐஸ் இன்னும் உறையலை. மருந்துப் பெட்டி அதுக்குள்ள நுழையாது. குப்பி நுழையும்."

"நான்தாங்க எடுத்தேன்." வாசலில் காளியம்மாள் மூச்சு வாங்க நின்றார். "பஸ் லேட்டு. வந்ததும் சொல்லலாம்னுதான் ஓடி வர்றேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" ராகவேந்திரா சீறினார்.

"நேத்து சாயங்காலம் பூதலூர்ப் பக்கம் அறுப்புக்குப் போன ஆளைப் பாம்பு கடிச்சிடுச்சு. சுகாதார நிலையத்து டாக்டரம்மா போன் போட்டாங்க. அங்க இருந்தது காலாவதி மருந்து. அதைக் கம்ப்யூட்டர்ல யாரும் கழிக்கலை. அதனால ஸ்டாக் இருக்குன்னு சொல்லி, இங்கேருந்து மாத்த விடமாட்டேங்குது. மெஹராஜுக்குப் போன் அடிச்சேன், கிடைக்கலை. நானே கொண்டு போய்க் கொடுத்துட்டு, ராத்திரி பெட்டியைத் திருப்பி வச்சேன். கம்ப்யூட்டர் சரின்னு சொல்ற வரைக்கும் விஷம் காத்திருக்குமா சார்?"

"ஆள்?" என்றார் மீரா உசேன்.

"சாமிதுரைன்னு பேரு. பிழைச்சிட்டார். காலையில கஞ்சி குடிச்சாராம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மெஹராஜ். தன் மேலிருந்த பழி விலகியது அவருக்கு இன்னும் உறைக்கவே இல்லை.

"அனுமதியில்லாம எடுத்தா திருட்டுதான். எழுதுங்க எஸ்.ஐ."

"அரசாங்க மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. திருட்டுன்னு எழுத எனக்குக் கை வராது சார்."

"அப்ப நான் மேலிடத்துக்கு எழுதறேன்."

மெஹராஜ் எழுந்து காளியம்மாளின் பக்கத்தில் போய் நின்றார்.

"எழுதுங்க சார். என் பேரையும் சேர்த்து எழுதுங்க. அந்தப் போன் கிடைச்சிருந்தா நானே திறந்து கொடுத்திருப்பேன்."